நாலாவது பெயர்

பிரபு,

உன் கல்யாணப் பத்திரிகை நேற்று வந்தது. உன் அப்பா அதைப் பிரித்து, மஞ்சள் தடவிய மூலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாமி மாடத்தில் வைத்தார். நான் அதை எடுத்து மேசைமேல் போட்டேன். உன் பெயருக்குக் கீழே படித்த படிப்பு, பார்க்கும் வேலை, கனடாவில் சேரப்போகிற கம்பெனி வரைக்கும் அச்சடித்திருக்கிறாய். என் பெயருக்குப் பக்கத்தில் ‘கணினித் துறை விரிவுரையாளர் (ஓய்வு)’ என்று போட்டிருக்கிறாய். அந்த ஒரு வரியைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். சம்பந்தி வீட்டாருக்குக் காட்ட கணினி தெரிந்த அம்மா உனக்கு வேண்டும். அந்த அம்மாவுக்கு நீ எழுதிய நிரலைப் படிக்கவும் தெரியும் என்பதுதான் உனக்கு இடைஞ்சல்.

இது வாழ்த்துக் கடிதம் இல்லை. உனக்கு மட்டும் எழுதுகிற கடிதமும் இல்லை. இதன் நகலைக் காரைக்கால் கிளிஞ்சல்மேட்டில் படகுக்காரர் முருகையனிடம் கொடுக்கப் போகிறேன், அவர் யாரிடம் வேண்டுமானாலும் காட்டிக்கொள்ளட்டும். ஒன்றும் அறியாதவர்கள் படித்தாலும் புரியவேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். பொறுமையாகப் படி. போனில் நான் இந்தப் பேச்சை எடுத்த உடனே “மீட்டிங் இருக்கும்மா” என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தில் அந்த வசதி கிடையாது.

முதலிலிருந்து வருகிறேன். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம் கிளிஞ்சல்மேட்டு மீனவப் பெண்கள் சங்கத்துக்குக் கணக்கு நோட்டு எழுதிக் கொடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். ஒருநாள் சங்கத்தில் இருந்த அஞ்சலை என்னிடம் ஒரு குறை சொன்னாள். அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்கென்று வீட்டை விட்டுக் கிளம்பியவன் பாதியில் வீட்டுக்குத் திரும்பக் கூடாது, திரும்பினால் படகுக்கு ஆகாது. கரைக்கு வந்த பிறகு ஒருவனுக்கு முடியவில்லை என்றால் அங்கே நிற்கும் வேறு ஒருவன் அவனுக்குப் பதிலாக ஏறிக்கொள்வான். ஏறியவனும் வீட்டுக்கு வந்து சொல்லமாட்டான், நின்றவனும் படகு திரும்பும்வரை வீட்டுப் பக்கம் தலைகாட்டமாட்டான். “யாரு போனாங்க, யாரு நின்னாங்கன்னு சாயங்காலம் கரைக்குப் போனாத்தான் டீச்சர் எங்களுக்குத் தெரியுது. ஆளு மாறுனா, மாறுன ஆளு வூட்டுக்கு ஒரு மெசேஜ் வந்தாப் போதும். வேற ஒண்ணும் வேணாம்” என்றாள். நான் பெருமையாக, என் மகன் பெங்களூரில் ஆப் எழுதுகிற வேலைதான் பார்க்கிறான், இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் செய்துகொடுத்துவிடுவான் என்றேன்.

நீயும் சரியாக இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் செய்து முடித்தாய். படகு உரிமையாளர் தன் போனில் அன்றைக்குப் போகிற ஆட்களின் பெயரை மாற்றினால், அந்த மாற்றம் சங்கத்துப் பட்டியலுக்கும் போகும், மாறிய ஆட்களின் வீட்டுக்கு மெசேஜும் போகும். அவ்வளவுதான் வேலை. தொடங்கி வைத்த அன்று சங்கத்துக் கட்டடத்தில் நாற்காலி போட்டு, நாலு பேர் இருந்த பட்டியலில் ஐந்தாவதாக ஒரு பெயரைச் சேர்த்துக் காட்டினாய். காட்டுவதற்காக எல்லாருடைய எண்ணையும் அந்தப் பெயரோடு சேர்த்திருந்தாய், பெண்கள் கையிலிருந்த போன்கள் ஒரே நேரத்தில் ஒலித்தன. கை தட்டினார்கள். உனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், நீ அதைப் போட்டோ எடுத்துப் போட்டுக்கொண்டாய். கனடா வேலைக்கான நேர்முகத்தில் அந்தப் படத்தைக் காட்டிப் பேசியதாகவும் நீயே சொன்னாய். ஐந்தாவது பெயரைச் சேர்த்தாயே, இருக்கிற நாலில் ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்துப் பார்த்தாயா? அஞ்சலை கேட்டது அதைத்தானே. அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சோதித்திருக்கிறாய்.

ஐப்பசி மாதம் ஒரு சனிக்கிழமை விடியற்காலை முருகையன் படகில் போகவேண்டிய நாலு பேர் கரைக்கு வந்தார்கள். முருகையன், அண்ணன் தம்பி இரண்டு பேர், நாலாவதாகக் கலியன். கலியனுக்கு அன்று மனசு சரியில்லை, ஏழரைச் சனி என்று யாரோ பயமுறுத்தி வைத்திருந்தார்கள். கரையிலிருந்தே திருநள்ளாற்றுக்குக் குளத்தில் முழுக்குப் போடப் போய்விட்டான், வீட்டிலிருந்து போன் வந்தால் பதில் சொல்லவேண்டுமே என்று அதையும் அணைத்துவிட்டான். தன் படகின் எஞ்சின் பழுதாகி வலை கட்டிக்கொண்டிருந்த மாரிமுத்துவை முருகையன் கூப்பிட்டார். அவன் அப்படியே ஏறிக்கொண்டான். மாரிமுத்து அஞ்சலையின் கணவன். முருகையன் உன் ஆப்பைத் திறந்து கலியன் பெயரை எடுத்துவிட்டு மாரிமுத்து பெயரை வைத்தார், பொத்தானை அமுக்கினார், போனை இடுப்பில் செருகிக்கொண்டார். ஒரு மெசேஜும் போகவில்லை. பட்டியலில் நாலாவது பெயர் கலியன் என்றே இருந்தது.

காலையில் அலை தூக்கிப் போட்டதில் மாரிமுத்துவின் தலை எஞ்சினில் மோதிவிட்டது. முருகையனின் போன் தண்ணீரோடு போயிற்று. பக்கத்தில் வந்த வெளியூர் விசைப்படகு அடிபட்டவனை மட்டும் ஏற்றிக்கொண்டு நாகப்பட்டினம் போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தது. மற்ற மூவரும் இன்னொரு படகு கட்டி இழுக்க மெதுவாகக் காரைக்கால் திரும்பினார்கள். இழுத்துவந்த படகின் வயர்லெஸ்ஸில் முருகையன் குரல் விட்டுவிட்டுத்தான் வந்ததாம். நானும் அண்ணன் தம்பியும் நன்றாக இருக்கிறோம், நாலாவது ஆளுக்குத்தான் அடி, நாகப்பட்டினம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறான் என்பது மட்டும் கரைக்குக் கேட்டது. சங்கத்திலிருந்து எனக்குப் போன் செய்து, நாலாவது ஆள் யார் என்று பார்க்கச் சொன்னார்கள். நான் உன் ஆப்பைத் திறந்து பார்த்தேன். பார்த்துவிட்டுக் கலியன் மனைவி செல்விக்கு நானே போன் செய்தேன்.

செல்வி வீறிட்டு அலறினாள். பக்கத்து வீட்டிலிருந்து யாரோ ஓடிவந்து போனை வாங்கினார்கள். “டீச்சர், நான் அஞ்சலை. அது அழுவுது, நீங்க எங்கிட்ட சொல்லுங்க. எந்த ஆஸ்பத்திரி?” நான் அவளிடம் சொன்னேன். நிதானமாக, ஒரு டீச்சர் சொல்வது போல, எந்த ஆஸ்பத்திரி, எந்த வாசல், யாரைப் பார்க்கவேண்டும் என்று மாரிமுத்துவின் மனைவியிடமே சொன்னேன். அவள் செல்விக்கு ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டாள். “புள்ளைங்கள நான் பாத்துக்கிறேன், நீ போ” என்று சொல்லிவிட்டு, செல்வியின் பிள்ளைகளுக்குச் சோறு வடிக்க உட்கார்ந்தாள். தன் புருஷன் கரையில் வலை கட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

சங்கத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கும் அந்தப் பெயரைத்தான் போனில் சொல்லியிருந்தார்கள்; நர்ஸ் அவனைக் “கலியன், கண்ணத் தெறங்க, கலியன்” என்று எழுப்பிக்கொண்டிருந்தாராம். செல்வி பிறகு என்னிடம் சொன்னாள்: “கட்டில்ல இருந்தது அவரு இல்லன்னு தெரிஞ்சதும் எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு டீச்சர். அப்புறந்தான் மூஞ்சியப் பாத்தேன்.” அந்தச் சந்தோஷத்துக்காக அவள் இன்றும் தன்னைத் திட்டிக்கொள்கிறாள். அவள் போன் செய்து, அஞ்சலை வேறு ஆட்டோ பிடித்து வந்து சேர்வதற்குப் பத்து நிமிடம் முன்னால் மாரிமுத்து போய்விட்டான். பிழைத்திருக்கமாட்டான் என்றுதான் டாக்டர் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு நீ என்னிடம் “எப்படியும் அவர் போயிருப்பாரும்மா” என்றாய். போயிருப்பான். ஆனால் நடுவில் ஒன்றரை மணி நேரம் அவன் உயிரோடு இருந்தான், அவ்வப்போது கண் விழித்தான், பக்கத்தில் அவளைத் தேடினான். அந்த ஒன்றரை மணி நேரத்தை அஞ்சலையிடமிருந்து எடுத்துக்கொண்டது கடல் இல்லை, நாம்தான்.

மூன்றாம் நாள் நான் என் போனில் ஒரு பொய்ப் படகை உண்டாக்கி முருகையன் செய்ததையே செய்து பார்த்தேன். நாலில் ஒன்றை மாற்றினேன். திரையில் புதுப் பெயர் தெரிந்தது, சத்தம் ஒன்றும் வரவில்லை. ஐந்தாவதைச் சேர்த்தேன், உடனே ஒலித்தது. நீ எனக்கு அனுப்பி வைத்திருந்த நிரலைத் திறந்தேன். வருஷா வருஷம் பாலிடெக்னிக்கில் கரும்பலகையில் நான் எழுதிய பாடம் அது. ஒரு பொருளின் பண்பு மாறியதை எப்படிக் கண்டுபிடிப்பது? பண்பை யாரும் நேரே தொட முடியாமல் மூடிவைத்து, மாற்றுவதற்கு ஒரே ஒரு வாசல் வைத்து, அந்த வாசலில் மணி கட்டுவது ஒரு வழி. பழைய நிலையைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு புதியதோடு ஒப்பிடுவது இன்னொரு வழி. நீ இரண்டையும் அரைகுறையாகச் செய்திருந்தாய். படகு என்கிற பொருளுக்கு ஆட்கள் பட்டியல் ஒரு பண்பு. பட்டியலையே தூக்கிவிட்டு வேறு பட்டியல் வைத்தால்தான் உன் மணி அடிக்கும். பட்டியல் அப்படியே இருக்க, அதற்குள் ஒரு பெயர் போய் இன்னொன்று வந்தால் அது வாசல் பக்கமே வருவதில்லை.

சரி, ஒப்பிடும்போதாவது அகப்பட்டிருக்கவேண்டும். அங்கே இன்னும் மோசம். ‘பழையது’ என்று நீ எடுத்து வைத்தது பிரதியே இல்லை. அதே பட்டியலுக்கு இன்னொரு பெயர் வைத்திருந்தாய், அவ்வளவுதான். உள்ளே மாற்றினால் பழையதும் சேர்ந்து மாறிவிடும். ஒன்றை அதனோடேயே ஒப்பிட்டு ‘மாற்றம் இல்லை’ என்று உன் நிரல் சொல்லிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் காவலாக எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கவும் செய்திருக்கிறாய். நாலு பேர் நாலு பேராகவே இருந்தார்கள், மாற்றம் இல்லை. மாற்றம் இல்லை என்பதால் யாருக்கும் எதையும் அனுப்பவில்லை. முதலாண்டு மாணவன் செய்கிற தவறு இது. அதற்காக மட்டும் நான் உன்மேல் இவ்வளவு ஆத்திரப்படமாட்டேன். என் வகுப்பில் எத்தனையோ பேர் செய்திருக்கிறார்கள், சிரித்துக்கொண்டே திருத்தியிருக்கிறேன்.

உன்னைக் கூப்பிட்டுச் சொன்னேன். நீ அதிர்ச்சி அடைவாய் என்று நினைத்தேன். “தெரியும்மா” என்றாய். முருகையன் பொத்தானை அமுக்கிய நேரம் உன் கணினியில் பதிவாகியிருந்ததாம், மாரிமுத்துவை அடக்கம் செய்த மறுநாளே நீ உட்கார்ந்து தவறைச் சரிசெய்துவிட்டாயாம். போய்ப் பார்த்தேன். என் போனில் இன்னும் ஏறாத புதிய பதிப்பு, அதற்கு நீ எழுதிய விளக்கம்: ‘சிறு திருத்தங்கள்’. பிரபு, அந்த இரண்டு வார்த்தையை எழுதும்போது உன் கை கூசவில்லையா? இத்தனை வருஷத்தில் உன்னை அடித்ததில்லை. அன்றைக்கு நீ பக்கத்தில் இருந்திருந்தால் அடித்திருப்பேன்.

அடித்திருப்பேன் என்று இப்போது எழுதுகிறேன். ஆனால் மறுநாள் செய்தது என்ன? சங்கத்துக் கட்டடத்தில் எல்லாரும் கூடினார்கள், மெசேஜ் ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். நீ பெங்களூரிலிருந்து வீடியோவில் வந்தாய். “அவர் சேவ் பண்ணாம வெளிய வந்திருப்பாருங்க. ஆப்ல பிரச்சனை இல்ல” என்றாய். முருகையன் எழுந்து, “அமுக்குனதாத்தான் நெனப்பு… இருட்டுல சரியாத் தெரியல” என்று இழுத்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முந்தின ராத்திரி நீ போனில் அழுதிருந்தாய். வேலை போய்விடும், விசா போய்விடும், பெண் வீட்டில் பேச்சு முறிந்துவிடும் என்றாய். நான் எழுந்து, “அப்படித்தான் இருக்கும்” என்றேன். இரண்டே வார்த்தை. நீ எழுதியதும் இரண்டு வார்த்தை, நான் சொன்னதும் இரண்டு வார்த்தை. என்னுடையதுதான் பெரிய அயோக்கியத்தனம், ஏனென்றால் டீச்சர் சொன்னால் சரியாக இருக்கும் என்று அந்த ஊர் நம்பியது.

இது புதுப் பழக்கம் இல்லை. எட்டாவது படிக்கும்போது எதிர்வீட்டுப் புது ஸ்கூட்டரில் நீ சைக்கிளால் கோடு போட்டாய். நான் போய், துணி உலர்த்தும்போது கொடிக்கம்பி விழுந்துவிட்டது என்று சொன்னேன். நீ ஜன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய், அன்று ராத்திரி இரண்டு தோசை கூடுதலாகத் தின்றாய். பிள்ளை பயந்துபோயிருக்கிறான் என்று உன் அப்பாவிடம் சொன்னேன். பயமெல்லாம் இல்லை, அம்மா இருக்கிறாள் என்கிற தைரியம். அதை ஊட்டி வளர்த்தவள் நான். உன்னைத் திட்டுகிற ஒவ்வொரு வரியிலும் எனக்கும் பங்கு இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டேதான் திட்டுகிறேன்.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அம்மா ஏதாவது புத்தி சொல்லவேண்டுமாம், உன் அப்பா சொல்கிறார். சொல்கிறேன். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை போன் செய்து “எல்லாம் அப்படியேதானே இருக்கு?” என்று கேட்கிறாய். ஆமாம் என்கிறோம். வீடு அதே வீடு, ஆட்கள் இரண்டு பேர், எண்ணிக்கை சரியாக இருக்கிறது. உன் அப்பாவுக்கு ஆறு மாதமாக வலது காது கேட்கவில்லை. அவரோடும்தான் பேசுகிறாய், ஒருநாளாவது தெரிந்ததா? நாளைக்கு அந்தப் பெண்ணையும் இப்படித்தான் பார்ப்பாய். தாலி கட்டின அன்றைக்குப் பார்த்த முகத்தைப் பத்து வருஷத்துக்கு வைத்துக்கொண்டு, எல்லாம் அப்படியே இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்குவாய். உள்ளே யார் போனார், யார் வந்தார் என்று தினமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். கேட்கச் சோம்பல் என்றால் கல்யாணம் பண்ணிக்கொள்ளாதே.

முருகையன் அந்தக் கூட்டத்துக்குப் பிறகு கடலுக்குப் போகவில்லை. படகு கரையில் கிடக்கிறது. அவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. பெண்கள் அவர் வரும் வழியில் பேச்சை நிறுத்திவிடுகிறார்களாம். பத்திரிகை வந்த நேற்றே சாயங்காலம் நான் கிளிஞ்சல்மேட்டுக்குப் போனேன். “கல்யாணம் முடியட்டும்டி, அப்புறம் சொல்லிக்கலாம்” என்று உன் அப்பா வாசல் வரைக்கும் வந்து தடுத்தார். கல்யாணம் முடிந்தால் கனடா, கனடா முடிந்தால் பேரப்பிள்ளை. நேரம் பார்த்தால் எனக்கு ஆயுசு போதாது. முருகையன் வெறும் தரையில் உட்கார்ந்திருந்தார். நான் நடந்ததை அப்படியே சொன்னேன். நிரல், பண்பு எல்லாம் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“அப்ப நான் அமுக்குனேனா டீச்சர்?”

“அமுக்குனீங்க.”

“பேரு மாத்தி, கீழ அந்தப் பச்சைய அமுக்குனேனா?”

“எல்லாம் சரியாத்தான் செஞ்சீங்க. தப்பு எங்களோடது. கூட்டத்துல நான் பொய் சொன்னேன்.”

அவர் என்னைத் திட்டவில்லை. எழுந்து உள்ளே போய், “ஏ, நான் அமுக்கித்தான் இருக்கேன்டி” என்று மனைவியிடம் சொன்னார். திரும்பத் திரும்பச் சொன்னார், அழுதுகொண்டே சொன்னார். ஐம்பது வயது மனிதர். அந்தக் குரலை உனக்கு எப்படி எழுதிக் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அங்கிருந்து அஞ்சலை வீட்டுக்குப் போனேன். மீன்கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள், நான் நின்றுகொண்டே சொன்னேன். உன் பெயரைச் சொன்னேன், நீ தெரிந்தே மறைத்ததைச் சொன்னேன், நானும் கூடச் சேர்ந்ததைச் சொன்னேன். அவள் கழுவிய கூடையையே எடுத்து மறுபடி கழுவினாள். என்னை வெளியே போகச் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

“ஒங்க புள்ளைகிட்ட நான் ஒண்ணு கேக்கணும் டீச்சர்” என்றாள்.

“எங்கிட்ட கேளு, நான் கேட்டுச் சொல்றேன்.”

“வேணாம். என்ன பதில் சொல்லணும்னு நீங்க அவருக்குச் சொல்லிக் குடுத்துருவீங்க. நானே கேக்குறேன்.”

உன் எண்ணை அவள் போனில் நானே போட்டுக் கொடுத்தேன். கல்யாணத்துக்கு முன்னால் நீ இங்கே வந்து, அந்தக் கட்டடத்தில் எல்லார் முன்னாலும் நின்று சொல்லவேண்டும். வராவிட்டால் மண்டபத்துக்கு நான் வரமாட்டேன், இதில் பேரம் கிடையாது. ஆனால் அதற்கு முன்பே, என்றைக்கு வேண்டுமானாலும், உனக்குத் தெரியாத ஓர் எண்ணிலிருந்து அழைப்பு வரும். என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் இந்தத் தடவை உனக்குச் சொல்லமாட்டேன். மீட்டிங்கில் இருந்தாலும் எடு.

அம்மா